16 குழி வெட்டிய ஆறகளூர் கல்: இந்தப் பெருவழிகளை ஆண்ட ‘ஐநூற்றுவர்’ யார்? சாதியா, சங்கமா?

சேலம் மாவட்டம் தலைவாசல். பொழுது விடியறதுக்குள்ள காய்கறி மார்க்கெட் களைகட்டிவிடும். சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, வசிஷ்ட நதிக்கரையில் இருக்கிறது ஆறகளூர். தலைவாசல் என்ற பெயரே ஆறகளூர் கோட்டையின் தலைவாசல் என்பதால் வந்தது என்று ஊர்க்காரர்கள் சொல்வது வழக்கம்.

இந்த ஆறகளூரில் கிடைத்த ஒரு கல்லில் ரொம்பச் சின்னதாக ஒரு தகவல் வெட்டப்பட்டிருக்கிறது. இது மகதேசன் பெருவழி. காஞ்சிபுரம் 16 காதம். அவ்வளவுதான். கூடவே 16 குழிகள். எழுத்து தெரியாத வண்டிக்காரரும் குழிகளை எண்ணிப் பார்த்து தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். இருட்டில் வந்தாலும் விரலால் தடவி எண்ணிவிடலாம்.

சுருக்கமாகச் சொன்னால், இது சுமார் 800 வருஷத்துக்கு முந்தைய மைல்கல்.

மைல்கல் நட்டால் போதுமா? அந்த வழியில் போக ஆள் வேண்டும், சரக்கு வேண்டும், வழியில் கொள்ளை போகாமல் பார்த்துக்கொள்ள காவல் வேண்டும். அந்தக் காலத்தில் தென்னிந்தியா முழுக்க இதைச் செய்தவர்களில் பெரிய பெயர் ‘ஐநூற்றுவர்’. யார் இவங்க? என்ன வித்தாங்க? எங்க போனாங்க? இப்போ எங்கே?

ஐநூற்றுவர்னா 500 பேரா?

இல்லை. பெயரில்தான் 500. இந்த அமைப்பின் வேர், கர்நாடக மாநிலம் பாகல்கோட் மாவட்டத்தில் உள்ள ஐஹொளெ. சாளுக்கியர் காலக் கோயில்களுக்குப் பெயர் பெற்ற அதே ஊர்தான். அங்கிருந்த ஐந்நூறு பேர் கொண்ட சபையில் இருந்து இந்தப் பெயர் வந்தது. பிறகு தமிழ்நாடு, ஆந்திரா, கேரளா, இலங்கை எனப் பரவியபோது எண்ணிக்கைக்கு அர்த்தமில்லாமல் போய், ‘ஐநூற்றுவர்’ என்பது ஒரு பிராண்ட் பெயர் மாதிரி நிலைத்துவிட்டது.

தமிழ்க் கல்வெட்டுகளில் இவர்கள் ‘திசையாயிரத்து ஐநூற்றுவர்’. அதாவது, ஆயிரம் திசைக்கும் போகிறவர்கள். ‘நானாதேசி’ என்றும் ஒரு பெயர் உண்டு. நானா தேசங்களிலும் வியாபாரம் செய்கிறவர்கள் என்று பொருள். ஐஹொளெயைத் தமிழில் ‘ஐயபொழில்’ என்று எழுதினார்கள். அந்த ஊர் பரமேசுவரி அம்மனின் பிள்ளைகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். எந்த ஊரில் பிறந்தவராக இருந்தாலும், இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே தாய்.

இவர்களோடு சேர்ந்தும் தனியாகவும் இயங்கிய வேறு குழுக்களும் உண்டு. வளஞ்சியர், மணிகிராமத்தார், மேற்கு ஆசியாவில் இருந்து வந்த வணிகர்களைக் கொண்ட அஞ்சுவண்ணத்தார். உள்ளூர் அளவில் வணிகர்கள் கூடும் சபைக்கு ‘நகரம்’ என்று பெயர். ‘நகரத்தார்’ என்ற சொல்லின் வேர் இதுதான்.

அதுக்கு முன்னாடி இங்க வணிகர்களே இல்லையா?

தாராளமாக இருந்தார்கள். நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையம். அங்கே புகளூர் ஆறுநாட்டார் மலையில் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்று, சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த கருவூர்ப் பொன் வணிகரைப் பற்றியது. ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முன்னாடியே, காவிரிக்கரையில் ஒரு தங்க வியாபாரி தன் பெயரைக் கல்லில் பதிவு செய்திருக்கிறார்.

மதுரை அருகே மாங்குளம் கல்வெட்டு இன்னும் பழையது. அதில் வெள்ளறை ஊரின் ‘நிகமத்தார்’ வருகிறார்கள். நிகமம் என்றால் வணிகர் சங்கம். ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டிலும் இதே ‘நிகம’ என்ற சொல் இருக்கிறது. சேலம் மாவட்டம் கோனேரிப்பட்டியில் 1987-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. மேற்குக் கடற்கரையில் இறங்கிய ரோமானியப் பணம், பாலக்காட்டு கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் புழங்கியதற்கு இப்படி நிறைய சாட்சிகள் உண்டு.

சிலப்பதிகாரமே ஒரு வணிகக் குடும்பத்தின் கதைதான். கோவலனின் அப்பா பெயர் மாசாத்துவான். ‘சாத்து’ என்றால் கூட்டமாகச் சரக்கேற்றிப் போகும் வணிகர் குழு. கண்ணகியின் அப்பா மாநாய்கன். ‘நாய்கன்’ என்றால் கடல் வணிகர். ஆக, தரைவழி வியாபாரி வீட்டுப் பையனுக்கும் கடல்வழி வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கும் நடந்த கல்யாணம் அது.

இன்னொரு உள்ளூர்ச் செய்தி. மதுரையை எரித்துவிட்டு கண்ணகி போய் நின்ற ‘நெடுவேள் குன்றம்’ எது? சிலம்புக்கு அரும்பதவுரை எழுதியவர் அதைத் திருச்செங்கோடு என்றார். பின்னால் வந்த அடியார்க்கு நல்லார் அதை ஏற்கவில்லை. அந்த வாதம் இன்றும் தீரவில்லை.

சேலம்–நாமக்கல் சமவெளி ஏன் முக்கியம்?

மேப்பை எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். வடக்கே தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி வழியாகக் கர்நாடகம். கிழக்கே ஆத்தூர், ஆறகளூர் வழியாகத் தொண்டை நாடும் காஞ்சிபுரமும். தெற்கே காவிரியைத் தாண்டினால் கரூர். மேற்கே போனால் பாலக்காட்டு கணவாய். சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே வண்டி போகிற மாதிரி சமதரை இங்கேதான். மலையைச் சுற்றிப் போகிற எவரும் இந்தப் பக்கம் வராமல் இருக்க முடியாது.

அதனால்தான் பெரிய சாலைகள் இங்கே போடப்பட்டன. தர்மபுரி மாவட்டத்தில் ‘அதியமான் பெருவழி’ மைல்கற்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் நாவற்றாவளத்துக்கு 29 காதம், இன்னொன்றில் 27 காதம். 1965 வரை தர்மபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆறகளூர், மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகரம். சோழர்களுக்குக் கீழே இருந்த இந்தச் சிற்றரசர்களின் ‘மகதேசன்’ என்ற பட்டமே சாலைக்குப் பெயராகிவிட்டது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆறகளூர் மைல்கல்லில் ஐநூற்றுவர் பெயர் இல்லை. சாலை போட்டது சிற்றரசர். ஆனால் தாவளம், பெருவழி, பேட்டை எல்லாம் யாரை நம்பி இருந்தன? சரக்கேற்றி வரும் வணிகர்களை நம்பித்தான். ‘தாவளம்’ என்றால் வழிப்போக்கு வணிகர்கள் தங்கி, கடை விரிக்கும் இடம். ‘பேட்டை’ என்றால் ஊரை ஒட்டிய சந்தை.

இந்தச் சொற்கள் இன்றும் பஸ் போர்டில் இருக்கின்றன. சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு செவ்வாய்க்கிழமை சந்தையால் பெயர் வந்தது என்பார்கள். இன்றும் மளிகை, தானிய மொத்த வியாபாரத்துக்கு அங்கே லீ பஜார்தான். நாமக்கல் பக்கம் புதன்சந்தை. மாட்டு வியாபாரத்துக்கு ஊர் ஊராக ஆட்கள் வரும் இடம்.

என்னென்ன வித்தாங்க?

இதற்கு நல்ல பதில் சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் இருக்கிறது. 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்வெட்டு கிட்டத்தட்ட ஒரு மளிகைக் கடை லிஸ்ட். உப்பு, அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன். அடுத்து பணக்காரச் சரக்கு: சந்தனம், அகில், பட்டு, பன்னீர். கடைசியில் குதிரை, யானை வரை.

கவனித்தீர்களா? பட்டும் பன்னீரும் மட்டும் இல்லை. ஏழை வீட்டு உப்பும் பயறும் இதே வணிகர்கள் வழியாகத்தான் ஊருக்கு ஊர் போயிருக்கிறது. ‘அந்தக் கால வியாபாரம்னா முத்தும் மிளகும்’ என்ற எண்ணத்தை இந்த ஒரு கல் மாற்றிவிடுகிறது.

லிஸ்ட்டில் இருக்கும் இரும்பு, பருத்தி இரண்டும் சேலத்துக்காரர்களுக்கு அந்நியம் இல்லை. அந்த இரும்பு எந்த ஊரில் இருந்து வந்தது என்று கல் சொல்லவில்லை. ஆனால் கஞ்சமலையின் இரும்புத் தாது பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. 1830-களில் ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது நம்பியது சேலத்துத் தாதுவைத்தான். இன்றைய சேலம் உருக்காலை இருப்பதும் அதே கஞ்சமலை அடிவாரத்தில்.

வியாபாரிக்கு எதுக்கு வாள்?

காடும் மலையும் உள்ள வழியில் பொதிமாடுகளோடு போகும்போது காவல் இல்லாமல் முடியாது. அதனால் ஐநூற்றுவர் தங்களுக்கென்று வீரர்களை வைத்திருந்தார்கள். ‘எறிவீரர்’, ‘முனைவீரர்’ என்றெல்லாம் கல்வெட்டுகளில் பெயர் வருகிறது. இந்த வீரர்களின் காவலில் இருந்த வணிக ஊர்கள் ‘வீரப்பட்டினம்’ அல்லது ‘எறிவீரப்பட்டினம்’. திருவள்ளூர் மாவட்டம் காட்டூர், ஆந்திராவில் சித்தூர் பக்கம் பாசினிகொண்டா, இலங்கையில் வாகல்கட என இப்படிப்பட்ட ஊர்களின் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன.

வணிகர்களின் கல்வெட்டுப் பலகைகளில் படங்களும் இருக்கும். அம்மன் உருவம், வாள், விளக்கு, பணப்பை, ஏர். ஏர் எப்படி வந்தது? உழவர்களின் பெரிய அமைப்பான ‘சித்திரமேழிப் பெரியநாட்டார்’ பல இடங்களில் ஐநூற்றுவரோடு சேர்ந்து முடிவெடுத்தார்கள். ‘மேழி’ என்றால் கலப்பை. விளைவிக்கிறவரும் விற்கிறவரும் ஒரே கல்லில்.

அதற்காக இவர்களை எல்லாம் நல்லவர்கள் என்று எழுதிவிட முடியாது. கையில் ஆயுதமும் பணமும் சேர்ந்த கூட்டம் இது. தங்கள் வீரத்தைப் பற்றித் தாங்களே நீளமாகப் பெருமை பேசிக்கொண்டவர்கள். அதே சமயம் சுமை தூக்கியவர், மாடு ஓட்டியவர் பெயரெல்லாம் அந்தப் பெருமையில் வருவது அபூர்வம். கல்வெட்டு வெட்டக் காசு இருந்தவர்களின் குரல்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

கப்பல் ஏறி எங்க வரைக்கும் போனாங்க?

* தாய்லாந்து, தகுவாபா: 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. ‘அவனிநாரணம்’ என்ற குளத்தை மணிகிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது.
* சுமத்ரா, பாரூஸ்: 1088-ம் ஆண்டு. ஐநூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு. பாரூஸ், கற்பூரத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்ற துறைமுகம்.
* மியான்மர், பகான்: 13-ம் நூற்றாண்டு. நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மலைநாட்டு வணிகர் ஒருவர் மண்டபம் கட்டிக் கொடுத்த செய்தி.
* சீனா, சுவான்சோ: 1281-ம் ஆண்டு. சிவன் கோயில் அமைத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு.

தாய்லாந்தில் கிடைத்தது குளம் பற்றிய கல் என்பதைக் கவனியுங்கள். கடல் கடந்து போன இடத்திலும் இவர்கள் பொறுப்பெடுத்துக்கொண்டது ஒரு நீர்நிலையை. புதுக்கோட்டை மாவட்டம் முனசந்தையில் ஒரு ஏரிக்கே ‘ஐஞ்ஞூற்றுவப் பேரேரி’ என்று பெயர் இருந்தது.

லாபத்துல ஊருக்கு எவ்வளவு?

இங்கேதான் முக்கியமான சொல் வருகிறது: ‘பட்டணப்பகுடி’. வணிகர்கள் கூடி, விற்கிற சரக்குக்கு பொதிக்கு இவ்வளவு என்று தாங்களே விதித்துக்கொண்ட பங்கு. பிரான்மலைக் கல்வெட்டின் நீளமான லிஸ்ட் எதற்கு வெட்டப்பட்டது? விலை சொல்ல இல்லை. எந்தச் சரக்குக்கு எவ்வளவு பங்கு கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்ல.

ராஜா விதித்த வரி கிடையாது. சங்கம் கூடி எடுத்த முடிவு. அதைக் கல்லில் வெட்டிப் பொது இடத்தில் வைத்துவிட்டால், அடுத்த தலைமுறை வியாபாரி ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. கோயில் என்பது அப்போது சாமி கும்பிடும் இடம் மட்டும் இல்லை. தானியம் சேர்க்கும் இடம், கடன் கொடுக்கும் இடம், பலருக்கு வேலை கொடுக்கும் இடம். அங்கே போன பணம் ஊருக்குள்தான் சுற்றியது.

இதே யோசனை ‘மகமை’ என்ற பெயரில் பின்னாளிலும் தொடர்ந்தது. தெற்கே விருதுநகரில் நாடார் வணிகர்கள் மகமையும் பிடி அரிசியும் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்ததுதான்.

அப்போ ஐநூற்றுவர் எந்த சாதி?

இணையத்தில் அதிகம் சண்டை நடக்கும் கேள்வி இது. பல சமூகங்கள் ‘எங்கள் முன்னோர்தான் ஐநூற்றுவர்’ என்று சொல்கின்றன. கல்வெட்டுகள் காட்டும் படம் வேறு.

ஐநூற்றுவர் கல்வெட்டுகளில் செட்டிகள் வருகிறார்கள், கவறைகள் வருகிறார்கள், காவல் வீரர்கள் வருகிறார்கள். பேசிய மொழியும் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் என்று பலது. ஒரு இடத்தில் சிவன் கோயில், ஒரு இடத்தில் பெருமாள் கோயில். ஆக, இது பல குழுக்கள் சேர்ந்த வணிகக் கூட்டமைப்பு. ஒரு சாதியின் பெயர் அல்ல.

‘செட்டி’ என்பதும் அப்போது பெரும்பாலும் தொழில் பட்டம். வடமொழி ‘சிரேஷ்டி’யில் இருந்து வந்தது என்பார்கள். அதற்கும் முன்னாடி தமிழ் மன்னர்கள் வணிகருக்குத் தந்த பட்டம் ‘எட்டி’. இன்று செட்டியார் என்ற பட்டத்தோடு நகரத்தார், வாணியர், தேவாங்கர், 24 மனை தெலுங்குச் செட்டியார் எனப் பல சமூகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு, தனிக் குலதெய்வம், சிலவற்றுக்கு வீட்டில் தனி மொழி. எல்லோருடைய முன்னோர்களிலும் யாரோ சிலர் அந்தப் பெருவழியில் நடந்திருக்கலாம். ஆனால் பெருவழி மொத்தமும் எங்களுக்கே என்று யாரும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது.

எப்படி மறைஞ்சாங்க?

ஒரே நாளில் இல்லை. 14-ம் நூற்றாண்டுக்குப் பிறகு கல்வெட்டுகளில் இவர்கள் பெயர் குறைந்துகொண்டே போகிறது. சோழ, பாண்டிய அரசுகள் போய் விஜயநகர ஆட்சி வந்தது. வியாபாரம் நிற்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்தது. 1498-க்குப் பிறகு போர்ச்சுகீசியர், பின்னால் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகள் கடல் வியாபாரத்தைப் பிடித்தன.

தனியாகப் பேரம் பேச முடியாதவர்கள் கூட்டாகப் பேசுவது என்ற யோசனை மட்டும் சாகவில்லை. சேலத்தில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள் 1981-ல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். 1982-ல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை விலை சொல்கிறது. இவை ஐநூற்றுவரின் வாரிசுகள் என்று சொல்ல முடியாது. ஆனால் தேவை அதேதான்: விலையும் வழியும் ஒற்றை ஆள் கையில் இல்லாதபோது, கூட்டம் வேண்டும்.

இப்போ எதுக்கு இதெல்லாம்?

ஏனென்றால் இந்த வரலாறு ஏட்டில் இல்லை, கல்லில் இருக்கிறது. அந்தக் கற்களில் பல, பழைய சாலையோரத்திலும் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கின்றன. பழைய பெருவழி போன இடத்தில்தான் பெரும்பாலும் இன்றைய சாலையும் போகிறது. சாலை அகலமாகும்போது முதலில் அடிபடுவது ஓரத்தில் நிற்கும் கல்தான். துணி துவைக்கும் கல்லாகவும், வீட்டுப் படியாகவும் போன கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

உங்க ஊர்ல எழுத்தோ, வரிசையாகக் குழிகளோ, வாள், ஏர், விளக்கு உருவங்களோ உள்ள கல்லைப் பார்த்தால்:

* இடத்தை விட்டு நகர்த்த வேண்டாம். கல் நின்ற இடமும் ஒரு தகவல்தான்.
* சுண்ணாம்பு, பெயிண்ட் அடிக்க வேண்டாம். உளி, கம்பி பிரஷ் வைத்துச் சுரண்ட வேண்டாம்.
* வெயில் சாய்ந்து விழும் காலை அல்லது மாலையில் போட்டோ எடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் அல்லது பேனா வைத்தால் அளவு புரியும்.
* வி.ஏ.ஓ., தாசில்தார் அல்லது மாநிலத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.
* மண்ணில் காசோ பொருளோ கிடைத்தால் மறைக்கக் கூடாது. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கோனேரிப்பட்டிக் காசுகளும், ஆறகளூர் மைல்கல்லும் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ ஒருத்தர் அதைத் தூக்கிப் போடாமல் இன்னொருத்தரிடம் சொன்னதால்தான். அடுத்த கல், நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு ஏரிக்கரையில் இருக்கலாம். அதில் ஐநூற்றுவர் பெயரே கூட இருக்கலாம். படிக்கிறதுக்கு முன்னாடி அது ஜல்லியாகிவிடக் கூடாது.